எட்டு டம்ளரா, நான்கு லிட்டரா, தாகமா? வேலூர் வெயிலில் ஒரு வாக்குவாதம்

கோட்டை நடையன்
கோட்டை அகழியை ஒட்டிக் காலையில் நடப்பவர்களிடம் புதிதாக ஒரு தொற்று. ஆளுக்கொரு இரண்டு லிட்டர் பாட்டில். அதன் மேல் மணிவாரியாகக் கோடு. ஒன்பது மணிக்குள் இதுவரை, பதினொன்றுக்குள் இதுவரை. நாளுக்கு நான்கு லிட்டர் கட்டாயமாம்; தாகம் எடுக்கும்வரை காத்திருந்தால் உடல் வறண்டுவிடுமாம். யார் சொன்னது என்று கேட்டால் வாட்ஸ்அப்பைக் காட்டுகிறார்கள்.

இந்தக் கணக்குகளுக்கெல்லாம் மூலம் என்று பலரும் காட்டுவது 1945-இல் அமெரிக்க உணவு, ஊட்டச்சத்து வாரியம் எழுதிய ஒரு குறிப்பு. பெரியவர்களுக்கு நாளுக்கு 2.5 லிட்டர் என்றார்கள். அதை ஒட்டியே, இதில் பெரும்பகுதி சமைத்த உணவிலேயே இருக்கிறது என்றும் எழுதினார்கள். அதை மட்டும் வசதியாக எல்லோரும் விட்டுவிட்டார்கள். 2002-இல் ஹைன்ஸ் வால்டின் என்ற உடலியங்கியல் பேராசிரியர், நாளுக்கு எட்டு டம்ளர் தண்ணீர் என்ற பழைய கணக்குக்கு அறிவியல் ஆதாரம் தேடி, ஒன்றும் கிடைக்கவில்லை என்று கட்டுரை எழுதினார். தாகம் எடுத்தால் குடியுங்கள். பாட்டிலை வீட்டில் வையுங்கள்.

காட்பாடி வெயில்
அதே வால்டின் கட்டுரையில் இன்னொரு வரியும் இருக்கிறது. அதை நீங்கள் வசதியாக விட்டுவிட்டீர்கள். மிதமான தட்பவெப்பத்தில், பெரும்பாலும் உட்கார்ந்தே வேலை செய்யும் ஆரோக்கியமானவர்களைப் பற்றித்தான் பேசுகிறேன் என்று அவரே எல்லை போட்டிருக்கிறார். அக்னி நட்சத்திரத்தில் காட்பாடி மேம்பாலத்தின் மேல் ஸ்கூட்டரை நிறுத்திக்கொண்டு நின்று பாருங்கள், அது மிதமான தட்பவெப்பமா என்று. நாற்பது டிகிரி எங்களுக்குச் செய்தியே அல்ல.

ஹைதராபாத்திலுள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் சாதாரண நாளுக்கே எட்டு டம்ளர், அதாவது சுமார் இரண்டு லிட்டர் என்கிறது. வெயிலிலும் கடும் உழைப்பிலும் தேவை கூடும் என்றும் சொல்கிறது. அமெரிக்கர்களே 2004-இல் ஆண்களுக்கு 3.7 லிட்டர், பெண்களுக்கு 2.7 லிட்டர் என்று உயர்த்திவிட்டார்கள்.

கோட்டை நடையன்
அந்த 3.7 லிட்டர் வெறும் தண்ணீரா? காப்பி, மோர், குழம்பு, பழம் எல்லாம் சேர்ந்த மொத்தம். அவர்கள் உணவிலேயே ஐந்தில் ஒரு பங்கு நீர் கிடைத்துவிடுகிறது என்று அந்த அறிக்கையே கணக்கிட்டது. ரொட்டி தின்பவனுக்கே அப்படி என்றால் நமக்கு? வடித்த சோற்றில் ஏறத்தாழ எழுபது சதவீதம் நீர். ரசம், மோரைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். இலவம்பாடி முள்ளுக் கத்தரிக்காயே தொண்ணூறு சதவீதத்துக்கு மேல் தண்ணீர்தான். காலையில் ஒரு சொம்பு கேழ்வரகுக் கூழ் குடித்துவிட்டு வயலுக்குப் போன என் தாத்தா பாட்டிலில் எந்தக் கோடும் பார்த்துக் குடிக்கவில்லை.

தாகம் தாமதமாக வருகிறது என்பதும் கட்டுக்கதை. இரத்தத்தின் செறிவு இரண்டு சதவீதம் கூடுவதற்குள் தாகம் எடுத்துவிடும். நீர்வறட்சி என்று மருத்துவர்கள் சொல்வது ஐந்து சதவீதம் கூடும்போது. எச்சரிக்கை மணி முன்னாலேயே அடிக்கிறது.

காட்பாடி வெயில்
தாத்தா காலத்து வெயிலை விடுங்கள். 2022-இல் சயன்ஸ் இதழில் வந்த ஆய்வு: 23 நாடுகள், 5,600-க்கும் மேற்பட்டவர்கள், கனநீர் (கன ஹைட்ரஜன் கலந்த, பின்தொடர்ந்து அளக்கக்கூடிய தண்ணீர்) குடிக்கவைத்து உடலில் நீர் எவ்வளவு வேகமாக மாறுகிறது என்று அளந்தார்கள். இருபது முதல் முப்பத்தைந்து வயது ஆண்களுக்குச் சராசரி 4.2 லிட்டர். வெப்பமான ஊர்களில் இருப்பவர்களுக்கும் உடலுழைப்பு உள்ளவர்களுக்கும் அதிகம். நான்கு லிட்டர் இதோ வந்துவிட்டதல்லவா?

கோட்டை நடையன்
வரவில்லை. உடலுக்குள் வந்து போகும் நீர் வேறு, வாயால் குடிக்கும் தண்ணீர் வேறு. அந்த 4.2-இல் உணவின் நீர் இருக்கிறது, உணவு எரியும்போது உடலே உண்டாக்கும் நீர் இருக்கிறது, மூச்சிலும் தோலிலும் காற்றிலிருந்து சேரும் ஈரமும் இருக்கிறது. எல்லோருக்கும் ஒரே அளவு பொருந்தாது என்பதுதான் அந்த ஆய்வாளர்களே சொன்ன முடிவு.

பாலாற்று மணல்
தண்ணீரில்லாத ஆறு, ராஜா இல்லாத கோட்டை, சாமி இல்லாத கோயில் என்று நம் ஊரைச் சொல்வார்கள். 1981-இல் கோயிலுக்குச் சாமி வந்துவிட்டார். ஆறு இன்னும் காத்திருக்கிறது.

இடையில் ஒரு கணக்கு. வீட்டில் ஐந்து பேர், தலைக்கு நான்கு லிட்டர் என்றால் நாளுக்கு ஒரு கேன் தண்ணீர், குடிக்க மட்டும். தோல் பதனிடும் ஆலைகளின் கழிவு பாலாற்றுப் படுகைக் கிணறுகளைக் கெடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996-இல் தீர்ப்புச் சொன்னது. கேன் வாங்கும் பழக்கம் எங்கள் தெருவில் இன்றுவரை நிற்கவில்லை. எத்தனை லிட்டர் என்பதோடு எந்தத் தண்ணீர் என்பதையும் பேசலாமே?

கல் விழுந்தவன்
தாகத்தை நம்பு என்று சொல்பவர்களுக்கு ஒருமுறை சிறுநீரகக் கல் வரட்டும். எனக்கு வந்தது, பேருந்து இருக்கையில் சுருண்டு கிடந்தேன். கல் வந்தவர்களிடம் மருத்துவர்கள் பார்ப்பது குடிக்கும் அளவை அல்ல, வெளியேறும் அளவை: நாளுக்கு குறைந்தது 2.5 லிட்டர் சிறுநீர். வியர்வையில் போவது போக இவ்வளவு வெளியேற வேண்டும். இத்தாலியில் முதல்முறை கல் வந்த 199 பேரை ஐந்து ஆண்டுகள் தொடர்ந்து பார்த்து 1996-இல் வெளியிட்டார்கள். நிறையக் குடித்த பிரிவில் 12 சதவீதத்தினருக்கு மறுபடி கல். மற்ற பிரிவில் 27 சதவீதம். தாகம் மட்டும் என்னை அந்த அளவுக்குக் கொண்டுபோகாது.

கோட்டை நடையன்
கல் வந்தவருக்கு அது மருந்து. மருந்தை ஊருக்கெல்லாம் ஊற்றக் கூடாது என்கிறேன், அண்ணா.

இரவுப் பணி
டயாலிசிஸ் பிரிவில் செவிலியராக இருக்கிறேன். இரண்டு பக்கமும் ஆளையே மறந்துவிடுகிறீர்கள். எங்களிடம் வருபவர்கள் பலருக்கு, முந்தைய நாள் போன சிறுநீரின் அளவோடு அரை லிட்டர் சேர்த்து, அதுதான் நாள் முழுவதற்கும். உறவினர் யாரோ “நிறையத் தண்ணீர் குடித்தால் கிட்னி சுத்தமாகும்” என்று சொல்லிவிட, மூச்சு வாங்கிக்கொண்டு வந்து நிற்பார்கள். இதயம் பலவீனமானவர்களுக்கும் இதே கதை.

மறுபுறம், வயதானவர்களுக்குத் தாகம் மழுங்கிவிடும். கோட்டை நடையன் சார், உங்கள் எச்சரிக்கை மணி அவர்களுக்குச் சரியாக அடிக்காது.

நன்றாக இருப்பவர்களும் அளவு மீறினால் இரத்தத்தில் சோடியம் நீர்த்துப்போகும். 2002 பாஸ்டன் மாரத்தானில் இரத்தம் எடுத்துப் பார்த்த 488 பேரில் 13 சதவீதத்தினருக்குச் சோடியம் குறைந்திருந்தது. வெயிலில் வேலை செய்பவர்களுக்கு கால் மணி, இருபது நிமிடத்துக்கு ஒரு டம்ளர் என்பது பொதுவான அறிவுரை. எவ்வளவு வெயிலானாலும் மணிக்கு 1.4 லிட்டரைத் தாண்ட வேண்டாம். உப்புப் போட்ட மோர் சும்மா வந்த பழக்கமல்ல.

ஆம்பூர்த் தையல்
ஷூ கம்பெனியில் மேல்தோல் தைக்கும் வேலை. இங்கே ஆண்கள் எல்லோரும் லிட்டரைப் பற்றிச் சண்டை போடுகிறீர்கள். எங்கள் வரிசையில் காலையில் வேண்டுமென்றே குடிக்காமல் வருபவர்கள் பாதிப் பேர். தாகம் இருக்கிறது, தண்ணீரும் இருக்கிறது. குடித்தால் எழுந்து போக வேண்டும். போனால் சூப்பர்வைசர் கடிகாரத்தைப் பார்ப்பார். தட்டில் ஜோடிகள் குவிந்துவிடும். மாதவிடாய் நாட்களில் இன்னும் மோசம். இப்படி அடக்கி அடக்கி நீர்க்கடுப்பு வந்து மாத்திரை விழுங்குகிறோம். தாகம் எடுத்தால் குடி என்பது, நினைத்தபோது கழிப்பறைக்குப் போக முடிந்தவர்களின் அறிவுரை.

காட்பாடி வெயில்
இதற்குத்தான் எண் வேண்டும் என்கிறேன் அக்கா. தாகம் என்று சொன்னால் மேலதிகாரி காதில் விழாது. இருபது நிமிடத்துக்கு ஒரு டம்ளர் என்று சுவரில் எழுதி ஒட்டினால் கேட்கலாம். கேரளப் பள்ளிகளில் 2019-இல் தண்ணீர் குடிக்கவே மணி அடிக்கத் தொடங்கினார்கள்.

கோட்டை நடையன்
எண்ணை ஒட்டினால் கதவு திறந்துவிடுமா? 1948 தொழிற்சாலைகள் சட்டத்திலேயே எழுதினார்கள்: 250 பேருக்கு மேல் வேலை செய்யும் இடத்தில் வெயில் காலத்தில் குளிர்ந்த குடிநீர், கழிப்பறையிலிருந்து ஆறு மீட்டருக்குள் குடிநீர்க் குழாய் இருக்கக் கூடாது, பெண்களுக்குத் தனிக் கழிப்பறை. எழுதாததா குறை?

ஆம்பூர்த் தையல்
ஆறு மீட்டரை அளந்தவர்கள், எழுந்து போக எத்தனை நிமிடம் என்று அளக்கவில்லை, சார். கழிப்பறை இருக்கிறது. எங்கள் வரிசைக்கு ஒரு மாற்று ஆள் வேண்டும், யாராவது எழுந்தால் அவர் உட்கார்ந்து தைக்க. இதைத்தான் நாங்கள் கேட்டுக்கொண்டிருக்கிறோம்.

செவிலியர் அக்காவுக்கு ஒரு கேள்வி. அம்மாவுக்கு எழுபது வயது, கால் வீங்கியதால் நீர் போகும் மாத்திரை கொடுத்திருக்கிறார்கள். பக்கத்து வீட்டில் மூன்று லிட்டர் குடிக்கச் சொல்கிறார்கள். கொடுக்கலாமா?

இரவுப் பணி
கொடுக்காதீர்கள். மாத்திரை எழுதிய டாக்டரிடமே நாளுக்கு எவ்வளவு என்று கேளுங்கள். அவர் சொல்லும் அளவைக் காலையில் ஒரு பாத்திரத்தில் எடுத்து வைத்து, அம்மா காப்பியோ ரசமோ மோரோ குடிக்கும்போதெல்லாம் அதே அளவை அதிலிருந்து எடுத்துவிடுங்கள். தினமும் காலையில் சாப்பாட்டுக்கு முன் எடை பாருங்கள். இரண்டே நாளில் எடை சட்டென்று கூடினால், அடுத்த மாதத் தேதிக்குக் காத்திராமல் உடனே அழைத்துப் போங்கள்.