பெரியார் திடல்: காலி மனையா, ட்ராம் ஷெட்டா?

வேப்பேரிக்காரன்:
சென்னை வேப்பேரியில் இருக்கும் பெரியார் திடலைப் பற்றி நேற்று இங்கே ஒருவர் "முன்பு வெறும் காலி மனை" என்று எழுதியிருந்தார், படித்ததிலிருந்து எரிச்சல் அடங்கவில்லை. அது ட்ராம் ஷெட் ஐயா! 1953 ஏப்ரலில் ட்ராம் நின்றது, அப்புறம் அந்த இடத்தைப் பெரியார் வாங்கினார். என் தாத்தா ட்ராம் கண்டக்டர். கடைசி வண்டி ஷெட்டுக்குள் போனதும் தோல் பையைக் கவிழ்த்துச் சில்லறையை எண்ணிக் கட்டிவிட்டுத்தான் வீட்டுக்கு நடப்பார். காலி மனையிலா எண்ணினார்?

மின்ட்மணி:
எழுதியது நான்தான். ட்ராம் கம்பெனி மூடி, வண்டியும் போன பிறகு மிச்சம் இருந்தது மனைதானே? வாங்கியது மனையைத்தான்.

வேப்பேரிக்காரன்:
ஷெட் சார், ஷெட். வண்டி போனால் ஷெட் மனையாகிவிடுமா?

கடற்கரைவாசி:
இந்த ஷெட்டுக்கு ஏன் இவ்வளவு பெருமை? நாட்டிலேயே முதல் ட்ராம் கல்கத்தாவில், 1873-ல் ஓடியது.

வேப்பேரிக்காரன்:
அதை இழுத்தது குதிரை! அதே வருஷம் நின்றும் போனது. மின்சார ட்ராம் முதலில் ஓடியது மெட்ராஸில், 1895 மே 7. கல்கத்தாவுக்கு மின்சார ட்ராம் 1902-ல்தான் வந்தது. நாம் முதலில் கம்பியைத் தரைக்கடியில் போட்டோம், மழைத்தண்ணீர் புகுந்து பாடாய்ப்படுத்தியதால் பிறகு மேலே கட்டினோம். இதெல்லாம் தெரியாமல் பேச வராதீர்கள்.

கடற்கரைவாசி:
குதிரை இழுத்தாலும் ட்ராம் ட்ராம்தான். முதல் என்றால் முதல்.

மின்ட்மணி:
அங்கே காப்பாற்றினார்கள். இங்கே ராஜாஜி ஆட்சியில் சாகவிட்டார்கள், அதைப் பேசுங்கள்.

புரசைத்தம்பி:
அண்ணே, நஷ்டத்தில் மூடியது கம்பெனி, ராஜாஜியை ஏன் இழுக்கிறீர்கள்? உங்களுக்கு எதிலும் அரசியல்தான்.

மின்ட்மணி:
தம்பி, அரசு நினைத்திருந்தால் எடுத்து நடத்தியிருக்கலாம். உனக்கு அவரைச் சொன்னால் வலிக்கிறது.

வேப்பேரிக்காரன்:
பேச்சை மாற்றாதீர்கள் மணி. மூர் மார்க்கெட் எரிந்தது 1983 என்று போன மாதம் முழுக்கப் பிடிவாதம் பிடித்தவர்தானே நீங்கள்? எரிந்தது 1985. அன்றும் ஒப்புக்கொள்ளவில்லை.

மின்ட்மணி:
அதை இன்னும் மனதில் வைத்திருக்கிறீர்களா? சரி, காலி மனைதான், மாற்றி எழுத மாட்டேன்.

வேப்பேரிக்காரன்:
ட்ராம் ஷெட். நாளைக்கும் வந்து இதையேதான் எழுதுவேன்.