தாமான் நெகாரா: பேக்கேஜில் போவதா, நாமே போய்க்கொள்வதா?

வைகைக்கரை எழுதியது:

மே மாதப் பள்ளி விடுமுறையில் மலேசியா போகிறோம். நான், மனைவி, பத்து வயது மகள். பத்துமலை, இரட்டைக் கோபுரம் எல்லாம் வழக்கம்போல உண்டு, ஆனால் பாடப்புத்தகத்தில் மழைக்காட்டைப் பற்றிப் படித்த நாளிலிருந்து மகளுக்கு நிஜமான ஒரு மழைக்காட்டுக்குள் போயே ஆகவேண்டும் என்று ஒரே பிடிவாதம். தேடிப் பார்த்ததில் தாமான் நெகாரா என்ற தேசியப் பூங்காதான் பொருத்தமாகத் தெரிகிறது. கோலாலம்பூரில் ஒரு ஏஜென்சியில் கேட்டேன், மூன்று பகல் இரண்டு இரவுக்கு ஆளுக்கு 600 ரிங்கிட்டுக்கு மேல் சொல்கிறார்கள், குழந்தைக்குப் பெரிதாகக் குறைக்கவும் மாட்டார்களாம். அலுவலக நண்பர் ஒருவர் அதெல்லாம் வீண், பஸ் பிடித்து நீங்களே போங்கள் என்கிறார். மனைவிக்கோ புலி இருக்கிற காட்டுக்குள் ஆள் துணை இல்லாமல் எப்படி என்று பயம். நம் ஊர் முதுமலையில் வனத்துறை வண்டியை விட்டு இறங்கினாலே சத்தம் போடுவார்கள், அங்கே நாமே நடந்து போகலாம் என்பதை நம்பலாமா? வழி தவறிவிடுமா, அட்டை எவ்வளவு மோசம், மிருகம் ஏதாவது கண்ணில் படுமா? போய் வந்தவர்கள் சொல்லுங்கள்.

பகாங்காரன் எழுதியது:

வணக்கம் சார், நமக்குப் பக்கத்து ஊர்தான், அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன். பேக்கேஜ் வேறு, வழிகாட்டி வேறு, இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்ளாதீர்கள். கேஎல்லில் (கோலாலம்பூரில்) விற்கிற பேக்கேஜில் உங்கள் காசு பெரும்பாலும் வேனுக்கும் படகுக்கும் அறைக்கும் பஃபே சாப்பாட்டுக்கும் போய்விடுகிறது. காட்டுக்குள் ஒருவர் உங்களோடு நடப்பது எல்லாம் சேர்த்துச் சில மணி நேரம்தான், அதிலும் இருபது பேர் வரிசையில் நீங்கள் பதினெட்டாவது ஆளாக நின்றால் முன்னால் அவர் என்ன காட்டினார் என்பதே காதில் விழாது. இதே சங்கதிகளைப் பூங்கா வாசலில் இருக்கிற கோலா தாஹான் ஊருக்குப் போய்த் தனித்தனியாக வாங்கிக்கொள்ளலாம். அங்கே வீட்டுக்கு வீடு யாராவது படகோட்டி, யாராவது வழிகாட்டி, யாராவது அறை வாடகைக்கு விடுகிறவர்.

போகிற வழி: கேஎல்லிலிருந்து ஜெராந்துட் சுமார் 200 கிலோமீட்டர், பஸ் உண்டு. ஜெராந்துட்டிலிருந்து சாலை வழியாகப் போனால் ஒரு மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலாக ஆகும். இன்னொரு வழி கோலா தெம்பெலிங் படகுத்துறையில் ஏறி ஆற்றை எதிர்த்துப் போவது, மூன்று மணி நேரம் பிடிக்கும். ஒல்லியான நீளப் படகு, கூரை போட்டிருக்கும், காலை நீட்டி உட்காரவேண்டும், முதல் ஒரு மணி நேரம் ஆனந்தம், அப்புறம் முதுகு பிடிக்கும். கரையில் எருமைகள் கழுத்துவரை தண்ணீரில் கிடக்கும், மீன்கொத்தி பறக்கும், உடும்பு வெயில் காயும். என்னைக் கேட்டால் போகும்போது படகு, வரும்போது சாலை. ஆனால் படகு தினமும் நிச்சயமாக ஓடும் என்று நம்பி வந்துவிடாதீர்கள், ஆள் சேராவிட்டால் எடுக்கமாட்டார்கள், முதல் நாளே போன் போட்டுக் கேளுங்கள்.

கோலா தாஹானில் ஊர் ஒரு கரை, காடு மறுகரை. ஊர்க்கரையில் மிதவைக் கடைகள் கட்டிப்போட்டிருக்கும், அங்கிருந்து சம்பானில் (சின்னப் படகில்) கொஞ்சம் காசு கொடுத்து அக்கரைக்குப் போகலாம். போனதும் பெர்ஹிலித்தான் (வனவிலங்குத் துறை) அலுவலகத்தில் பெயர் பதிந்து நுழைவுச்சீட்டு வாங்கவேண்டும், ஆளுக்கு ஒரு வெள்ளி (ரிங்கிட்), கேமராவுக்கு ஐந்து வெள்ளி என்று நெடுநாளாகப் பெயருக்குத்தான் வாங்கினார்கள், ஏற்றியிருந்தாலும் உங்களுக்குச் சுமையாக இருக்காது. பலகைப் பாதை, மரங்களுக்கு இடையே கட்டிய தொங்கு நடைபாதை, தெரெசெக் குன்று, லுபோக் சிம்போன் குளிக்கும் இடம், இத்தனைக்கும் வழிகாட்டி தேவையே இல்லை. பாதை தெளிவாக இருக்கும், பலகை அறிவிப்பு இருக்கும், எதிரே ஆள் வந்துகொண்டே இருப்பார்கள். தெரெசெக்கில் மரப்படி ஏறுவதற்கு மூச்சு வாங்கும், ஆனால் வானம் தெளிந்திருந்தால் உச்சியிலிருந்து தாஹான் மலை தெரியும்.

ஆனால் அதையும் தாண்டி உள்ளே போகிற நெடும்பாதைகளுக்குக் குழந்தையோடு நீங்களாகப் போகாதீர்கள். பூங்கா மொத்தம் 4,343 சதுர கிலோமீட்டர், பகாங், கிளாந்தான், திரங்கானு மூன்று மாநிலத்தில் விரிந்து கிடக்கிறது. ஒரு மரம் பாதையில் விழுந்திருந்தால் சுற்றிக்கொண்டு திரும்பப் பாதையைப் பிடிப்பதற்குள் திசை மறந்துபோகும். தாஹான் மலை ஏற (2,187 மீட்டர்) வழிகாட்டி கட்டாயம், அது பல நாள் நடை, உங்களுக்கு இல்லை. புலி பற்றி வீட்டில் கவலைப்பட வேண்டாம் என்று சொல்லுங்கள், அதைப் பார்க்கவேண்டும் என்று ஏங்கி ஆண்டுக்கணக்காகக் காட்டில் வேலை செய்கிறவர்களே பார்த்ததில்லை.

மழைப்பேச்சி எழுதியது:

பகாங்காரன் அண்ணன் சொன்ன கணக்கெல்லாம் சரிதான். ஆனாலும் வைகைக்கரை அண்ணா, ஒரே ஒரு தடவையாவது வழிகாட்டியோடு நடக்காமல் திரும்பிவிடாதீர்கள். நான் சிங்கப்பூரிலிருந்து தோழிகளோடு போனேன். காலையில் நாங்களாகவே நடந்தோம், பச்சை, பச்சை, இன்னும் பச்சை, அவ்வளவுதான் தெரிந்தது. மதியம் உள்ளூர் மலாய்க்காரர் ஒருவரை எங்களுக்கு மட்டும் என்று அமர்த்தினோம், அதே பாதையில் இரண்டு மணி நேரம் பத்தடிக்கு ஒருமுறை நின்றார். பன்றி கிளறிய மண், பிரம்புக் கொடியின் கொக்கி முள், சருகோடு சருகாக ஒட்டிக் கிடந்த தவளை. துவாலாங் மரம் ஒன்றைக் காட்டினார், நிமிர்ந்து பார்த்தால் கழுத்து வலிக்கிறது, 80 மீட்டர் வரைக்கும்கூட வளருமாம். வழவழவென்ற பட்டை, கீழே கிளையே கிடையாது, கரடியால் ஏறமுடியாது, அதனால்தான் மலைத்தேனீ அதன் கிளையில் தேடிப்போய்க் கூடு கட்டுகிறது என்றார். காலையில் அந்த மரத்தடியில்தான் உட்கார்ந்து நாங்கள் பிஸ்கட் சாப்பிட்டிருந்தோம்.

இரவு நடைக்கு மட்டும் கட்டாயம் ஆள் வேண்டும். பலகைப் பாதை ஓரத்தில் ஊதா நிற டார்ச் ஒன்றை மரத்தின் அடியில் அடித்தார், கருந்தேள் ஒன்று ரேடியம் கடிகார முள்போலப் பச்சையாக மின்னியது. அப்புறம் எல்லா விளக்கையும் அணைக்கச் சொன்னார். கண் பழகக் கொஞ்ச நேரமாகும், அதுவரை ஒருத்தி பேசிக்கொண்டே இருந்தாள், பிறகு அவளும் வாயை மூடினாள்: மக்கிய இலைகளில் பூஞ்சை மங்கலாக ஒளிவிட்டுக்கொண்டிருந்தது. பத்து வயதுக் குழந்தைக்கு இதைவிட வேறென்ன வேண்டும்?

மிருகம் பார்க்கத்தான் போகிறோம் என்றால் ஏமாந்துபோவீர்கள். யானை, தப்பிர் (நீண்ட மூக்குள்ள, பன்றி போன்ற விலங்கு), கடமான் எல்லாம் இருக்கின்றன, ஆனால் அடர்ந்த காட்டில் பத்து மீட்டருக்கு அப்பால் ஒன்றும் தெரியாது. சத்தம் கேட்கும், தடம் கிடைக்கும், மேலே இருவாச்சி பறந்தால் சிறகடிக்கும் ஓசை மட்டும் உஸ் உஸ் என்று வரும். இன்னொன்று, பேக்கேஜில் 'இரவு சஃபாரி' என்று ஒரு வரி இருந்தால் எங்கே என்று கேளுங்கள். ஜீப்பில் பூங்காவுக்குள் போகமுடியாது, ஆற்றின் ஊர்ப்பக்கத்துச் செம்பனை (எண்ணெய்ப்பனை) தோட்டத்தில்தான் சுற்றிக் காட்டுவார்கள். எலி தின்ன வரும் சிறுத்தைப்பூனை, புனுகுப்பூனை, ஆந்தை கண்ணில் படலாம், அது மோசமில்லை, ஆனால் அது மழைக்காடு இல்லை, அந்தப் பெயரில் காசு வாங்கக்கூடாது.

வால்பாறைத் தம்பி எழுதியது:

அட்டைக்கு மட்டும் நான் பதில் சொல்கிறேன், நாங்கள் அதோடு வளர்ந்தவர்கள். மழை பெய்த மறுநாள் நிறைய இருக்கும், காய்ந்த நாளில் ஒன்றிரண்டு. முழங்கால்வரை வரும் நெருக்கமான துணியாலான அட்டை உறை ஒரு ஜோடி போதும், பேண்டை அதற்குள் சொருகிவிடுங்கள். தரையிலிருந்து மட்டும் ஏறும் என்று நினைக்காதீர்கள், இலை நுனியிலும் காத்திருக்கும், அதனால் கழுத்து, இடுப்பு எல்லாம் அவ்வப்போது தடவிப் பாருங்கள். கடித்தால் பிய்க்காதீர்கள், தீயும் வைக்காதீர்கள், நகத்தால் மெல்ல நெம்பி எடுங்கள். ரத்தம் உறையாதபடி எச்சிலில் ஒரு பொருளை விடுகிறது, அதனால் கசிந்துகொண்டே இருக்கும், பார்க்கத்தான் பயங்கரம். பாப்பாவிடம் முன்கூட்டியே சொல்லி வைத்தால் பயப்படமாட்டாள், என் அக்கா மகள் எண்ணிக்கைப் போட்டியே வைத்தாள்.

கெப்போங்வாசி எழுதியது:

எல்லோரும் ஏன் அவரை அவ்வளவு தூரம் ஓட்டுகிறீர்கள்? கைவசம் இரண்டு நாள்தான் என்றால் கேஎல் விளிம்பில் கெப்போங்கில் இருக்கிற காட்டு ஆராய்ச்சிக் கழகப் பூங்காவுக்குப் போகலாமே. ஈயச் சுரங்கமும் காய்கறித் தோட்டமுமாகச் சீரழிந்து கிடந்த நிலத்தில் 1920களின் கடைசியிலிருந்து மரம் நட்டு உண்டாக்கிய காடு, 2025இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலிலும் சேர்த்துவிட்டார்கள். அங்கே கப்பூர் மரங்களுக்கு அடியில் நின்று அண்ணாந்து பாருங்கள், ஒரு மரத்தின் உச்சி பக்கத்து மரத்தைத் தொடாமல் விலகி நிற்கும், நடுவில் வெள்ளைக் கோடுகளாக வானம் தெரியும். இந்த மரத்தின் கற்பூரத்துக்குப் பேர்போன ஊர்தான் சுமாத்ராவின் பாருஸ், அங்கே நம் வணிகக் குழுவினர் 1088இல் வெட்டிய தமிழ்க் கல்வெட்டே கிடைத்திருக்கிறது. வழிகாட்டி இல்லாமலே காலையில் போய் மதியம் திரும்பிவிடலாம். ஒரே நாளில் தாமான் நெகாரா போய்வரும் டூர் என்று விற்கிறார்களே, அதில் மட்டும் ஏறிவிடாதீர்கள், பகல் முழுக்க வேனில்தான் கழியும்.

வைகைக்கரை எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. தாமான் நெகாராவுக்கே போகலாம் என்று வீட்டில் முடிவாகிவிட்டது, தேள் விஷயத்தை மகள் படித்துவிட்டாள், இனி மாற்றமுடியாது. பேக்கேஜ் வேண்டாம், அங்கே போய் ஒரு வழிகாட்டியை ஒரு மதியத்துக்கும் இரவு நடைக்கும் அமர்த்திக்கொள்கிறோம். இரண்டு சந்தேகம். பூர்வகுடி மக்களின் கிராமத்துக்கு அழைத்துப்போவதாகச் சொல்கிறார்கள், குழந்தையைக் கூட்டிக்கொண்டு போகலாமா, எனக்கென்னவோ மனிதர்களை வேடிக்கை பார்ப்பது போல் உறுத்துகிறது. மனைவி சைவம், சாப்பாட்டுக்கு என்ன செய்வது?

பகாங்காரன் எழுதியது:

உறுத்துவது நியாயம்தான் சார். அங்கே இருப்பவர்கள் பாத்தேக் மக்கள், அந்தக் காட்டில் பெர்ஹிலித்தான் வருவதற்கு முன்பிருந்தே வாழ்கிறவர்கள், பூங்காவை 1938-39இல் ஆங்கிலேயர் அரசர் ஐந்தாம் ஜார்ஜ் பெயரில் அறிவித்தபோதும் அவர்கள் அங்கேதான் இருந்தார்கள். டூரில் போனால் ஊதுகுழலில் அம்பு ஊதிக் காட்டுவார்கள், பிரம்பையும் மரக்கட்டையையும் தேய்த்துத் தீ உண்டாக்குவார்கள், பிள்ளைகள் ஒரு பக்கம் நின்று பார்ப்பார்கள், அரை மணியில் முடிந்துவிடும். சிலர் அதை வருமானம் என்கிறார்கள், சிலருக்குப் பிடிப்பதில்லை, நான் விருந்தாளிகளைக் கூட்டிப்போவதில்லை. போவதானால் உங்கள் வழிகாட்டியிடம் இரண்டு கேள்வி கேளுங்கள்: அந்தக் குடும்பத்துக்கு எவ்வளவு போகிறது, அவர்களுக்கு இன்று ஆள் வருவதில் சம்மதமா. பதில் மழுப்பலாக வந்தால் விட்டுவிடுங்கள். மகளுக்குச் சளி, காய்ச்சல் இருந்தால் பக்கத்திலேயே போகவேண்டாம். 2019இல் கிளாந்தான் பக்கம் கோலா கோ என்ற கிராமத்தில் பாத்தேக் மக்கள் பத்துப் பேருக்கு மேல் இறந்தார்கள், அங்கே பரவியது தட்டம்மை என்று அரசே அறிவித்தது.

சாப்பாடு: மிதவைக் கடைகளில் காய்கறி நாசி கோரெங் (வறுத்த சோறு) போடுவார்கள், ஆனால் 'பிளாச்சான் (இறால் விழுது) வேண்டாம், நெத்திலி வேண்டாம்' என்று இரண்டையும் பெயர் சொல்லிச் சொல்லவேண்டும், வெறுமனே சைவம் என்றால் கோழியை மட்டும் எடுத்துவிட்டுக் கொடுப்பார்கள். ஜெராந்துட்டிலேயே பழம், ரொட்டி வாங்கிக்கொள்ளுங்கள், பணமும் அங்கேயே எடுத்துவிடுங்கள், கோலா தாஹானில் கையில் காசு இல்லாவிட்டால் திண்டாட்டம்.

மே மாதம் நல்ல தேர்வு. நவம்பரிலிருந்து ஜனவரி வரை வேண்டவே வேண்டாம், 2014 டிசம்பர் வெள்ளத்தில் ஆறு ஊருக்குள் ஏறி வெளிநாட்டுப் பயணிகள் உள்ளே சிக்கிக்கொண்டார்கள். மற்றபடி மேயிலும் பிற்பகல் மழை வரும், அதனால் நடையைக் காலையில் வையுங்கள். தொங்கு நடைபாதையைப் பெரிய மழைக்கு மூடிவிடுவார்கள், பழுது பார்க்கவும் அடிக்கடி மூடுகிறார்கள், வெள்ளிக்கிழமை தொழுகைக்காகச் சீக்கிரமே அடைப்பார்கள், அதனால் வியாழனோ சனியோ காலை முதல் ஆளாகப் போய் நில்லுங்கள். உயரம் ஒத்துக்கொள்ளுமா என்று வீட்டில் கேட்டுக்கொள்ளுங்கள், தரையிலிருந்து சுமார் 40 மீட்டர், நடுவில் போய்த் திரும்ப இடமில்லை.

மழைப்பேச்சி எழுதியது:

வழிகாட்டியிடம் உரிமச் சீட்டைக் காட்டச் சொல்லுங்கள் அண்ணா, கேட்டால் யாரும் கோபித்துக்கொள்வதில்லை. எத்தனை பேரைச் சேர்த்து அழைத்துப் போவார் என்பதையும் விலை பேசும்போதே முடித்துக்கொள்ளுங்கள், ஐந்து பேருக்கு மேல் என்றால் வேறு ஆள் பாருங்கள். மகளுக்குத் தனியாக ஒரு சின்ன டார்ச் வாங்கிக் கொடுங்கள்.