மூட்டு ஏன் ரப்பராக இழுபடுகிறது? (ரிஜிட் பாடி கண்ஸ்ட்ரெயின்ட் அனுபவங்கள்)

பிளெண்டர் என்ற 3டி மென்பொருளில், கண்ஸ்ட்ரெயின்ட் என்ற மூட்டுகளால் கோத்த 20 வளையச் சங்கிலி, நுனியில் 100 கிலோ குண்டு. பிளே அழுத்தியதும் வளையங்கள் விலகி, சங்கிலி ரப்பர் மாதிரி நீளும். உடனே எல்லாரும் கை வைப்பது சால்வர் இட்டரேஷனில், அதாவது மூட்டுகளைத் திரும்பத் திரும்பச் சரிசெய்யும் சுற்றுகளின் எண்ணிக்கையில். அதைக் கடைசிக்கு வையுங்கள்.

உள்ளே ஓடும் புல்லட் என்ற இயற்பியல் இன்ஜின் மூட்டுகளை ஒவ்வொன்றாகத்தான் சரிசெய்கிறது. ஒன்றை இழுத்து ஒட்டினால் பக்கத்து மூட்டு கொஞ்சம் பிரியும். 1 கிலோ வளையத்தில் 100 கிலோ தொங்கும்போது ஒரு சுற்றில் சரியாவது துளிதான்; டிஃபால்டாக இருக்கும் 10 சுற்று எந்த மூலைக்கு?

முதலில் குண்டை 10 கிலோவுக்குள் கொண்டுவாருங்கள். ஊசலின் வேகம் எடையைப் பொறுத்ததல்ல, அதனால் ஆட்டம் கிட்டத்தட்ட அப்படியேதான் தெரியும். குண்டு போய் ஒரு சுவரை இடிக்கிற ஷாட் என்றால் செங்கற்களின் மாஸையும் அதே விகிதத்தில் குறைக்க வேண்டும். அடுத்து சப்ஸ்டெப்பை (ஒரு ஃபிரேமை எத்தனை துண்டாகப் பிரித்துக் கணக்கிடுவது என்பது) 10-லிருந்து 40 ஆக்குங்கள். அப்புறமும் இழுபட்டால்தான் இட்டரேஷன்.

---

சப்ஸ்டெப் பற்றிச் சொன்னது சரி. 10 சப்ஸ்டெப் × 40 இட்டரேஷனைவிட 40 × 10 விறைப்பாக நிற்கும். மோதல் கணக்கும் ஒவ்வொரு ஸ்டெப்பிலும் ஓடுவதால் நேரம் கூடும், அவ்வளவுதான்.

---

கதவுக்கு ஹிஞ்ச் (கீல் மாதிரி ஒரே அச்சில் சுழலும் மூட்டு) போடுகிறவர்கள், அந்த மூட்டைத் தாங்கும் எம்ப்டி என்ற வெற்று ஆப்ஜெக்ட்டின் இசட் அச்சைப் பாருங்கள். சுழற்சி அந்த அச்சில்தான். கதவின் நடுவில் எம்ப்டி இருந்தால் கதவு சுழல்கதவாகிவிடும். கீல் இருக்கும் விளிம்புக்கு நகர்த்துங்கள். லிமிட்டில் (சுழலும் கோணத்தின் வரம்பில்) 0 என்பது சிமுலேஷன் தொடங்கும்போது கதவு இருக்கும் நிலை. பாதி திறந்த கதவிலிருந்து தொடங்கிவிட்டு 0–90 கொடுத்தால் அது ஒருபோதும் மூடாது. தப்பான பக்கம் திறந்தால் -90–0 கொடுங்கள்.

கதவு நிலைச்சட்டத்தோடு உரசித் துடித்தால், கண்ஸ்ட்ரெயின்டில் 'டிஸேபிள் கொலிஷன்ஸ்' டிக் இருக்கிறதா பாருங்கள். அந்த டிக் இணைந்த இரண்டுக்கும் இடையே மட்டும்தான் வேலை செய்யும்.

---

ரேக்டாலிலும் (மூட்டுகளால் இணைத்த, துவண்டு விழும் மனித உருவம்) பாதித் துடிப்பு இதனால்தான். தொடையும் கெண்டைக்காலும் முழங்காலில் ஒன்றுக்குள் ஒன்று நுழைந்திருக்கும். மூட்டு சேர்க்கப் பார்க்கும், மோதல் பிரிக்கப் பார்க்கும்.

முழங்காலுக்கு ஹிஞ்ச், 0–130. கால் முழுக்க நீட்டிய நிலையில் தொடங்கினால் முதல் ஃபிரேமிலேயே லிமிட்டின் விளிம்பில் நிற்கும், அதனால் 3 டிகிரி மடக்கி வைத்து, நீட்டும் பக்கம் அந்த 3-ஐ மட்டும் விடுங்கள். தோளுக்கு, ஒவ்வொரு அச்சுக்கும் தனி வரம்பு வைக்கக்கூடிய ஜெனரிக் மூட்டு. அதில் ஒய் அச்சு ±90-ஐத் தாண்டினால் கை திடீரென்று முறுக்கிக்கொள்ளும், ஏனென்றால் புல்லட் கோணங்களைப் பிரிக்கும் விதத்தில் நடு அச்சுக்கு அவ்வளவுதான் இடம். பெரிய வீச்சு எக்ஸில் வருமாறு எம்ப்டியைத் திருப்பிவிடுங்கள்.

கை, கால் விரல்களுக்கெல்லாம் தனி பாடி வேண்டாம். கிராம் கணக்கில் ஒரு துண்டு, மேலே 30 கிலோ உடம்பு: பழைய சங்கிலிக் கதைதான்.

---

செட்டிங் மாற்றியும் ஒன்றும் மாறவில்லையா? முன்பு கணக்கிட்டுச் சேமித்து வைத்த பழைய பேக் கேஷ் ஓடிக்கொண்டிருக்கும். அதை அழித்துவிட்டு, முதல் ஃபிரேமுக்குப் போய் மறுபடி ஓட்டுங்கள். ஆப்ஜெக்ட்டின் ஸ்கேல் 1 இல்லையென்றால் மூட்டு போடுவதற்கு முன்பே கண்ட்ரோல்+ஏ அடித்து அப்ளை செய்துவிடுங்கள்.