பழைய சான்ட்ரோவில் புது ஸ்டீரியோ: கடிகாரம் அழிகிறது, ஸ்பீக்கரில் சீழ்க்கைச் சத்தம்

தென்காசிக்காரன்:
2004 மாடல் சான்ட்ரோ. கேசட் பிளேயரைக் கழற்றிவிட்டு, புளூடூத் உள்ள சிங்கிள் டின் (ஒற்றை உயர அளவு) ஸ்டீரியோ, முன்கதவுகளுக்குப் புது ஸ்பீக்கர்கள், சீட்டுக்கு அடியில் ஓர் ஆம்ப்ளிஃபயர் போட்டேன். ஒயரிங் கடையில் செய்தது. சாவியை எடுத்ததும் நேரமும் சேமித்த எஃப்.எம். நிலையங்களும் அழிந்துவிடுகின்றன. ஆக்சிலரேட்டரை மிதித்தால் "ஊய்ங்" என்று சீழ்க்கை ஏறுகிறது. பேஸும் சவசவ என்று இருக்கிறது. கடைக்காரர், ஸ்பீக்கரை இன்னும் விலை கூடியதாக மாற்றச் சொல்கிறார். மாற்றலாமா?

மீட்டர் மாமா:
ஒரு ரூபாய்கூடச் செலவழிக்காதீர்கள் தம்பி. மூன்றும் ஒயர் சமாச்சாரம்.

ஸ்டீரியோவின் மஞ்சள் ஒயருக்கு எப்போதும் 12 வோல்ட் வர வேண்டும்; நினைவகம் அதில்தான் ஓடுகிறது. சிவப்புக்குச் சாவி திருப்பினால் மட்டும். உங்கள் வண்டியில் இரண்டும் இடம் மாறியிருக்கும், அல்லது இரண்டையும் சாவி லைனிலேயே முறுக்கியிருப்பார்கள். வண்டிப் பக்கத்து ஒயரின் நிறத்தை நம்பாதீர்கள், அதற்கும் ஸ்டீரியோவின் நிறத்துக்கும் சம்பந்தமே இல்லை. சாவியை எடுத்துவிட்டு மீட்டர் வைத்துப் பாருங்கள்.

சீழ்க்கை, இன்ஜின் ஓடும்போது பேட்டரியைச் சார்ஜ் செய்யும் ஆல்டர்னேட்டரிலிருந்து வருகிறது. வால்யூமைக் குறைத்தால் அதுவும் குறைகிறதா?

தென்காசிக்காரன்:
இல்லை. வால்யூமைப் பூஜ்ஜியத்தில் வைத்தாலும் அதே அளவில் கேட்கிறது.

மீட்டர் மாமா:
அப்படியென்றால் வால்யூம் கட்டுப்பாட்டைத் தாண்டிய பிறகு நுழைகிறது. ஸ்டீரியோவிலிருந்து ஆம்ப்ளிஃபயருக்குப் பாட்டைக் கொண்டுபோகும் ஆர்.சி.ஏ. கேபிள், அல்லது ஆம்ப்ளிஃபயரின் எர்த். எர்த் எங்கே பிடித்திருக்கிறார்கள்?

தென்காசிக்காரன்:
சீட் போல்ட்டில், பெயின்ட்டின் மேலேயே. பேட்டரி ஒயரும் ஆர்.சி.ஏ. கேபிளும் ஒரே பக்கமாக, டேப் சுற்றிச் சேர்ந்தே வருகின்றன.

கோவை ஒயர்மேன்:
நல்ல கட்டு! பெயின்ட்டைச் சுரண்டி வெறும் இரும்பில் எர்த்தை இறுக்குங்கள். பேட்டரி ஒயர் ஒரு பக்கம், ஆர்.சி.ஏ. எதிர்ப்பக்கம். பிறகு பாட்டு ஓடும்போது, ஆம்ப்ளிஃபயரின் எர்த் முனைக்கும் பேட்டரி நெகடிவுக்கும் இடையே வோல்ட் அளந்து பாருங்கள். 0.1-க்கு மேல் காட்டினால் பிடிப்பு இன்னும் சரியில்லை.

பேஸுக்கு: ஸ்டீரியோவில் இடது-வலது பேலன்ஸை முழுக்க ஒரு பக்கம் தள்ளுங்கள். நடுவில் வைத்தபோது இல்லாத கனம் அப்போது வந்தால், ஒரு ஸ்பீக்கருக்கு பிளஸ், மைனஸ் மாறியிருக்கிறது. இரண்டும் எதிரெதிராக அசைந்து ஒன்றையொன்று அழிக்கின்றன. எது என்று தெரிய, ஸ்பீக்கர் ஒயர்களை ஆம்ப்ளிஃபயரிலிருந்து கழற்றி, 1.5 வோல்ட் பென்சில் பேட்டரியை ஒரு நொடி தொடுங்கள். பிளஸ்ஸுக்கு பிளஸ் என்றால் கூம்பு வெளியே தள்ளும்.

தென்காசிக்காரன்:
மஞ்சளும் சிவப்பும் மாறித்தான் இருந்தன. நேரம் இப்போது அழியாமல் இருக்கிறது. எர்த்தைச் சுரண்டி மாற்றி, கேபிளைப் பிரித்ததும் சீழ்க்கை போய்விட்டது. இடது கதவு ஸ்பீக்கர் தலைகீழாக இருந்தது, அதையும் திருப்பினேன். கனமாக ஒலிக்கிறது. நன்றி மாமா, நன்றி கோவை அண்ணா.

மீட்டர் மாமா:
பேட்டரிக்குப் பக்கத்தில் ஃப்யூஸ் இருக்கிறதா?

தென்காசிக்காரன்:
இல்லை. ஆம்ப்ளிஃபயரில் மட்டும் 30 ஆம்பியர் ஒன்று இருக்கிறது.

மீட்டர் மாமா:
அது ஆம்ப்ளிஃபயரைக் காப்பாற்றும், வழியில் வரும் ஒயரைக் காப்பாற்றாது. இன்ஜின் அறையிலிருந்து ஒயர் நுழையும் துளையில் தகடு உரசி ஷார்ட்டானால் பேட்டரியின் மொத்தக் கரண்டும் அதில் பாயும், வண்டி தீப்பிடிக்கும். இப்போதே பேட்டரியின் பிளஸ் முனையிலிருந்து அந்த ஒயரைக் கழற்றிவையுங்கள். பேட்டரியிலிருந்து அரை அடிக்குள் 30 ஆம்பியர் ஃப்யூஸ், துளைக்கு ரப்பர் வளையம். இரண்டும் போட்ட பிறகு மாட்டிக்கொள்ளலாம்.