போர்டில் ஜெர்மேனியம் ஃபஸ் இருக்கும்போது எந்த டியூனர் பெடல் பொருந்தும்?

தென்கரை (கேள்வி):
வணக்கம். தேவாலய வழிபாட்டில் எலக்ட்ரிக் கிட்டார் வாசிக்கிறேன். டிரம்ஸும் பேஸும் ஒலிக்கும்போது மேடையின் அதிர்வையும் சேர்த்து வாங்கிக்கொண்டு என் கிளிப் டியூனர் தடுமாறுவதால், டியூனர் பெடல் ஒன்றை வாங்க எண்ணியுள்ளேன். பெடல் போர்டில் ஃபஸ் ஃபேஸ் வகை ஜெர்மேனியம் ஃபஸ் (ஜெர்மேனியம் டிரான்சிஸ்டரால் ஒலியைச் சிதைத்துத் தடிப்பாக்கும் பெடல்), ஓவர்டிரைவ், டிலே ஆகிய ஒலி மாற்றும் பெடல்கள் உள்ளன. மூன்றும் ட்ரூ பைபாஸ், அதாவது அணைத்தால் சமிக்ஞை பெடலின் சுற்றைத் தொடாமல் நேராகக் கடந்துவிடும். கிட்டாரிலிருந்து போர்டுக்கும் அங்கிருந்து ஆம்புக்கும் ஆறாறு மீட்டர் கேபிள். பாஸ் டியூ-3, டிசி எலக்ட்ரானிக் பாலிட்யூன் 3 மினி, பீட்டர்சன் ஸ்ட்ரோபோஸ்டாம்ப் எச்டி ஆகியவற்றில் எது ஏற்றது? கூடுதல் துல்லியத்துக்காகக் கூடுதல் பணம் கொடுக்கலாமா?

ஆறாம்கம்பி:
துல்லியத்தை வைத்து இவற்றில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் தேவை உங்களுக்கு இல்லை. ஓர் அரைச்சுரத்தின் நூறில் ஒரு பங்கு ஒரு சென்ட். டியூ-3இன் பிழை வரம்பு ஒரு சென்ட். ஸ்ட்ரோபோஸ்டாம்பினுடையது அதில் பத்தில் ஒரு பங்கு. ஆனால் 82.4 ஹெர்ட்ஸில் அதிரும் தடித்த ஈ கம்பியில் ஒரு சென்ட் என்பது 0.05 ஹெர்ட்ஸுக்கும் குறைவு. விரலைச் சற்று அழுத்தி வைத்தாலே சுருதி அதைவிட அதிகமாக உயர்ந்துவிடும். கிட்டாரைப் பழுதுபார்த்து இன்டொனேஷன் (கழுத்து முழுவதும் சுருதி சரியாக நிற்பது) சரிசெய்பவர்களுக்கு ஸ்ட்ரோபோஸ்டாம்ப் போன்ற ஸ்ட்ரோப் டியூனர் தேவை என்பது வேறு விஷயம்.

நீங்கள் முடிவு செய்ய வேண்டியது பஃபரை, அதாவது நீண்ட கேபிளிலும் சமிக்ஞை மங்காமல் காக்கும் சிறு சுற்றைப் பற்றித்தான். டியூ-3ஐ அணைத்து வைத்திருந்தாலும் சமிக்ஞை அதன் பஃபர் வழியாகவே செல்லும். நீண்ட கேபிளுக்கு இது நல்லதே: கிட்டார் கேபிளுக்கு மீட்டருக்கு ஏறத்தாழ 100 பிகோஃபாரட் மின்தேக்கம் உண்டு என்பதால், எல்லாப் பெடல்களும் ட்ரூ பைபாஸில் இருக்கும் நேரத்தில் பன்னிரண்டு மீட்டரின் சுமையும் கம்பியின் அதிர்வை மின்சமிக்ஞையாக்கும் பிக்கப்பின் மேல் விழுந்து, உயர் அதிர்வெண்கள் மங்கிவிடும். ஆனால் அதே பஃபர் உங்கள் ஃபஸ்ஸுக்கு முன்னால் வரக் கூடாது. அந்த ஃபஸ்ஸின் உள்ளீட்டு மின்மறுப்பு மிகக் குறைவு. பிக்கப்போடு நேரடியாக இணைந்திருந்தால்தான், கிட்டாரின் வால்யூமைக் குறைக்கும்போது அதன் ஒலி அழகாகத் தெளியும். இடையில் பஃபர் நுழைந்தால் ஒலி கரகரத்து, அந்தத் தெளிவும் போய்விடும்.

ஆகவே ஃபஸ்ஸை முதலிலும் டியூனரை இரண்டாவதிலும் வையுங்கள். பாலிட்யூன் 3 மினியின் உள்ளிருக்கும் சிறு சுவிட்சால் பஃபரையோ ட்ரூ பைபாஸையோ தேர்ந்துகொள்ளலாம் என்பதால், நாளை ஃபஸ்ஸை மாற்றினாலும் அது பயன்படும். நான் அதையே பரிந்துரைப்பேன்.

மரப்பெட்டி:
இடம் பற்றி மேலே சொன்னதை ஏற்கிறேன். பெடலைப் பற்றியதை ஏற்கவில்லை. ஃபஸ்ஸுக்குப் பின்னால்தான் வைக்கப்போகிறீர்கள் என்றால் டியூ-3இன் பஃபரே அந்த வேலையைச் செய்துவிடும். மேலும் அது பேட்டரியிலும் இயங்கும். மினியில் அதற்கு இடமில்லை. வழிபாட்டின் நடுவே அடாப்டர் கைவிட்டால் இந்த வேறுபாடு புரியும். சுருதி சேர்க்கும்போது ஃபஸ்ஸை அணைக்க மட்டும் மறவாதீர்கள்.

ஓர் எச்சரிக்கை: டியூ-3இலிருந்து மற்றப் பெடல்களுக்கு மின்சாரம் எடுக்கலாம், ஆனால் பழைய பாணி பிஎன்பி (ஒரு டிரான்சிஸ்டர் வகை) ஜெர்மேனியம் ஃபஸ்கள் பல பாசிட்டிவ் கிரவுண்டு கொண்டவை, அதாவது மற்றப் பெடல்களுக்கு மாறாக மின்சாரத்தின் பாசிட்டிவ் முனை கிரவுண்டோடு இணைந்தவை. அவற்றை மற்றப் பெடல்களோடு ஒரே இணைப்பில் கோத்தால் ஷார்ட் ஆகும். ஃபஸ்ஸுக்குத் தனி பேட்டரி போடுங்கள்.

தென்கரை:
இருவருக்கும் நன்றி. என் ஃபஸ் பிஎன்பி வகைதான், பேட்டரியில்தான் ஓடுகிறது. இன்னொரு சிக்கலும் உண்டு: எங்கள் ஆர்மோனியம் ஏ சுரத்துக்கு 440 ஹெர்ட்ஸ் என்ற வழக்கமான சுருதியில் இல்லை, சற்றே ஏறி நிற்கிறது.

ஆறாம்கம்பி:
அப்படியானால் ஆர்மோனியத்துக்கு நீங்கள்தான் இணங்க வேண்டும், ரீடுகளை நினைத்தபோது திருத்த முடியாது. டியூ-3இல் அடிப்படைச் சுருதியை 436 முதல் 445 ஹெர்ட்ஸ் வரை மாற்றலாம். 445 என்பது ஏறத்தாழ 20 சென்ட் ஏற்றம். ஆர்மோனியத்தின் ஏ சுரம் எத்தனை ஹெர்ட்ஸ் என்பதைக் கைப்பேசியின் டியூனர் செயலியில் முதலில் பார்த்துவிடுங்கள். அது 445ஐத் தாண்டினால் அந்த ஒரு சுரத்தை வைத்துக் காதால் சேர்ப்பதே வழி. எல்லைக்குள் இருந்தால் மரப்பெட்டி சொன்ன டியூ-3ஐயே வாங்குங்கள், பேட்டரி விஷயத்தில் அவர் சொல்வது சரி.