சிதைவுகள் படிச்சாச்சு, அடுத்து என்ன?

கேள்வி: நைஜீரியா எழுத்தாளர் அச்செபேயோட 'சிதைவுகள்' நாவலைத் தமிழ்ல படிச்சேன், கடைசி பக்கம் மனசை விட்டே போகல. ஒக்கொங்வோவோட வாழ்க்கையை நாவல் முழுக்க பாத்துட்டு வர்றோம், அந்த வெள்ளைக்கார கமிஷனர் தன் புக்குல அவனுக்கு ஒரு பாரா போதும்னு நினைக்கிறான். வேற யாரைப் படிக்கலாம்?

பதில் 1: கூகி வா தியாங்கோ, கென்யாக்காரர். ஸ்கூல்ல தாய்மொழியான கிகூயு பேசி மாட்டினா பிரம்படி, இல்ல 'நான் கழுதை'ன்னு எழுதின தகட்டை கழுத்துல மாட்டிவிடுவாங்க, அப்படி வளந்தவர். 1977ல கிகூயுலயே ஒரு நாடகம் போட்டார், நடிச்சது ஊர் விவசாயிங்களும் தொழிலாளிங்களும்தான், அதுக்கு விசாரணையே இல்லாம உள்ள தள்ளிட்டாங்க, ஜெயில்ல டாய்லெட் பேப்பர்ல எழுதினதுதான் 'சிலுவையில் தொங்கும் சாத்தான்'. தமிழ்ல இருக்கு, அவசியம் படிங்க.

பதில் 2: உள்ள தள்ளினது வெள்ளைக்காரன் இல்லங்க, 1963ல சுதந்திரம் வாங்கின கென்யா அரசாங்கமே. அதை மனசுல வச்சுக்கிட்டு படிங்க, இல்லன்னா பாதிதான் புரியும்.

பதில் 3: அச்செபே இங்கிலீஷ்லதான் எழுதினார், ஆனா பக்கத்துக்குப் பக்கம் அவரோட தாய்மொழியான இக்போ பழமொழி. சிதைவுகள்ல கடனைக் கேக்க வந்தவர்கூட, விருந்தாளிக்குக் குடுக்கிற கோலா கொட்டையைச் சாப்பிட்டு, பழமொழியா பேசிட்டுதான் விஷயத்துக்கு வர்றார். எங்க தாத்தா பேச்சும் அப்படியேதான் இருக்கும்.