கீழத்தெரு சொந்தங்கள்

ஆறுமுகம்: பாப்பாவுக்கு முதுகு வளைவு 56 டிகிரியாம். ஆபரேசன்தான்னுட்டாவ. எஸ்டிமேட் 6,40,000. போட்டோ போட்டிருக்கேன்.

இசக்கி: யம்மாடி

கோமு சித்தி: நேரா உக்காருட்டின்னு அப்பமே சொன்னேன், கேட்டாளா

செல்வி அக்கா: சித்தி, உக்காருததுக்கும் இதுக்கும் சம்பந்தமே கிடையாது. புள்ளைய ஏசாதீய.

சுடலை மாமா: பெல்ட் போட்டா?

செல்வி அக்கா: வளைவு 25லேருந்து 40 டிகிரி வரைக்கும், வளருத வயசுலதான் பெல்ட்டு. அதுவும் மேல வளையாம புடிச்சி வைக்கும், நிமித்தாது. 50 தாண்டினா வளந்து முடிச்ச பொறவும் கூடிட்டே போவும்.
ஆறுமுகம், "இம்பிளாண்ட் 3,10,000"ன்னு மொத்தமா போட்டிருக்காவல்லா? அது முதுகெலும்புல மாட்டுத ஸ்குரூவும் ராடும்தான். ஸ்குரூ எத்தன, ஒண்ணு என்ன வெல, ராடு டைட்டானியமா கோபால்ட் குரோமா, எல்லாம் தனித்தனியா எழுதி வாங்கு. ஒரு எலும்புக்கு ரெண்டு ஸ்குரூ வரைக்கும் போவும், பில்லு ஏறுதது அங்கதான். நரம்பு மானிட்டரிங் சேத்தியா கேளு. நிமித்தும்போது தண்டுவடம் அடிபடுதான்னு காட்டுத மெசினு. காசு மிச்சம்னு அத மட்டும் வெட்டிராத. ஐசியு எத்தன நாளு, ரத்தம் எத்தன யூனிட்டு, எம்ஆர்ஐ, எக்கோ, மூச்சு டெஸ்ட்டு...

இசக்கி: அக்கா, நீங்க மொதல்ல மூச்சு விடுங்க

சுடலை மாமா: முதலமைச்சர் காப்பீடு இருக்குல்லா

செல்வி அக்கா: குடும்பத்துக்கு வருசம் 5 லட்சம். ஆனா வருச வருமானம் 1,20,000க்குள்ள இருக்கணுமே மாமா. இவன் கம்பெனி சம்பளம் தாண்டிரும்.

ஆறுமுகம்: கம்பெனி இன்சூரன்ஸ் 3 லட்சம் இருக்குக்கா

செல்வி அக்கா: ரூம் வாடகை லிமிட் பாரு. 3,000 லிமிட்ட வச்சிக்கிட்டு 6,000 ரூம் எடுத்தா டாக்டர் பீஸ், தியேட்டர் சார்ஜ் எல்லாம் பாதியா வெட்டிருவான். இம்பிளாண்டு, மருந்து, டெஸ்ட்டுல அப்படி வெட்டக் கூடாதுன்னு ரூல் இருக்கு, வெட்டினா விடாத. இன்சூரன்ஸ்காரன்ட்டேருந்து முன் அனுமதி வந்த பொறவு அட்மிட் ஆவு.

கோமு சித்தி: என் செயின் இருந்தா குடுத்திருப்பேன். கல்யாணத்துக்குன்னு வாங்கிட்டுப் போனவிய இன்னும் திருப்பல

சுடலை மாமா: அது இப்பம் எதுக்கு

கோமு சித்தி: சும்மா சொன்னேன்

இசக்கி: நான் 50 ஆயிரம் போடுதேன்ணே, அடுத்த மாசம்

ஆறுமுகம்: பரீச்சை முடிஞ்சி வச்சிக்கிடலாமாக்கா?

செல்வி அக்கா: டாக்டர்ட்ட கேளு. அதுக்கு முன்ன ஹைகிரவுண்ட் கவர்மெண்ட் ஆஸ்பத்திரியிலயும் எக்ஸ்ரேய காட்டிரு.

ஆறுமுகம்: திங்கக்கெழம பாக்கேன்

சுடலை மாமா: கோயில் கொடை வரி 2,000 இன்னும் நாலு வீடு பாக்கி. யாருன்னு நான் சொல்லணுமா